பங்குனியிலிருந்து பின்னோக்கி

நான் கணுக்கால் மடங்கி விழுந்து கதறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் சிரித்த முகத்தோடு என்னை நோக்கி ஓடிவந்தார். அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான்.

கோவையில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் சேர்ந்து இரண்டாவது வாரம். கபடி அணித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒருத்தியைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவள் கால்மேல் என் கால் இறங்கி, பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து நீல ட்ராக் பேண்ட் போட்ட ஒல்லியான பெண் ஒருவர், தோளில் பெரிய பை குதிக்க, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிப்பவரைப் போல ஓடிவந்தார். வந்த வேகத்திலேயே மண்டிபோட்டார்.

“எந்தக் கால் கண்ணு?”

“இதுங்க்கா.”

“செரி, அது அப்படியே இருக்கட்டும். நல்ல கால நீட்டு.”

வலிக்காத காலை எதற்கு நீட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவரோ அந்தக் காலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, கணுக்காலைச் சுற்றி விரலால் அழுத்தி, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். “உன்ற காலு இயல்பா எவ்வளவு ஆடுமுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?” என்றார். அப்புறம்தான் வீங்கிய காலுக்கு வந்தார். கணுக்கால் எலும்பின் பின்விளிம்பில் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே இறங்கினார். “இங்க நோவுதா? இங்க? இங்க?” இல்லை, இல்லை, இல்லை. எலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் விரல் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய்கள் கிளம்பிப் போயின.

அவர் கைதட்டினார். பிறந்தநாள் கேக் வெட்டும்போது தட்டுவோமே, அப்படி.

“எலும்பு இல்ல! லிகமெண்ட்டுதான்! எந்திரிச்சு நாலு எட்டு வை பாக்கலாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். ஒவ்வொரு எட்டையும் சத்தமாக எண்ணினார். “நாலு!” என்றபோது குதித்தே விட்டார். என் அம்மா அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்னை அள்ளிக்கொண்டு நேராக எங்கள் ஊருக்கே கூட்டிப் போயிருப்பார். கணுக்கால் தேங்காயாட்டம் வீங்கிக் கிடக்கிறது. இந்தம்மா லாட்டரி விழுந்தமாதிரி குதிக்கிறாரே!

ஐஸ் கட்டிகளைக் காலில் கட்டிக்கொண்டு விடுதிக்கு நொண்டிப் போனதும் அறைத்தோழி ரம்யாவிடம் சொன்னேன். “அந்தக்கா கொஞ்சம் லூசாட்ட இருக்குதுடி.”

“கொஞ்சமா?” என்றாள் ரம்யா. அவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவள்.

அவர் எங்கள் கல்லூரி அணிகளுக்கான பிசியோ. இருபத்தெட்டு வயது இருக்கும். ஆனைமலைப் பக்கம் ஊர். பெற்றோர்கள் வந்து “டாக்டர்” என்று கூப்பிட்டால், “டாக்டர் இல்லீங்க, பிசியோங்க” என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோவைப் பக்கத்தில் இருக்கிற விளையாட்டுக்காரர்களில் பாதிப் பேர் நாளைக் காலையே முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கு அவர் அக்கா. அவ்வளவு போதும்.

அடிபடுவதைப் பார்த்து அக்கா சந்தோஷப்படுகிறார் என்று நாங்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு. எங்கே, என்ன, ஏன் என்று தெரியாமல் இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ளவே முடியாது. தெரிந்துவிட்டால் உடம்பு பூராவும் ஒரு துள்ளல் வந்துவிடும். நானே ஒருநாள் கேட்டேன், எங்களுக்கு வலிக்கும்போது உங்களுக்கு எப்படிக்கா சிரிப்பு வருகிறதென்று. முகம் சிவந்துபோய்ச் சொன்னார்: “வலி பாவந்தான் கண்ணு. ஆனா அது எங்கிருந்து வருதுன்னு தெரியற அந்த நிமிசம் இருக்குது பாரு…” அதற்குமேல் சொல்லத் தெரியாமல் இரண்டு கையையும் காற்றில் விரித்தார். அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

மைதானத்துக்கு வெளியேயும் இந்தக் கூத்து நிற்காது. ஒருமுறை போட்டிக்குப் போக காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பன்னிரண்டு பேரும் பைகளோடு நின்றுகொண்டிருந்தோம். அக்கா மட்டும் போய்வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். “இடுப்பு… ம்ஹூம்… முட்டி, முட்டி.” வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அக்கா அவர் பின்னாலேயே பத்தடி நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் போனார். அடக்க முடியவில்லை.

“ஏனுங்ண்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்க எடது முட்டி மாடிப்படி ஏறறப்ப இல்லீங்க, எறங்கறப்பதானுங்க நோவும்?”

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வலது உள்ளங்கையை நீட்டினார்.

“அப்படியே இதையும் பாத்துச் சொல்லிப்போடு அம்மணி. என்ற பையனுக்கு எப்பக் கல்யாணமாகுமுன்னு.”

பஸ் ஏறி அவிநாசி தாண்டும்வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவும் சிரித்தார். ஆனால் நடுநடுவே, “எடதுதான். எனக்குத் தெரியும், எடதுதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இதனால் கல்லூரியில் எங்களுக்கு ஒரு புதிய பழக்கம் வந்தது. அக்கா கண்ணில் படும் தூரத்தில் யாரும் சாதாரணமாக நடக்க மாட்டோம். முட்டியில் லேசான இழுப்பு இருந்தாலும் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்போம். கேண்டீன் வாசலில் கபடி அணி முழுவதும் கைவீசி நடந்து போவதைப் பார்த்து, மற்ற மாணவிகள் எங்களை என்.சி.சி. என்று நினைத்துக்கொண்டார்கள்.

விளையாடுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அக்காவின் உறுதியான எண்ணம். ஆட ஆசைப்படுகிறவள் வலியை மறைப்பாள். ஆடப் பிடிக்காதவள் வலியை வரவழைப்பாள். இரண்டையும் ஒரே உற்சாகத்தோடு தேடுவார். ரம்யா மாட்டியது இரண்டாவது வகையில்.

பல்லடத்தில் அவளுடைய அத்தை மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் சீரும் சடங்கும். கோச் லீவு தரவில்லை. எங்கள் கோச் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். திட்டும்போதுகூட அவருக்கு மரியாதை குறையாது, “ஏனுங்க அம்மணி, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? போயி மாடு மேய்க்கறீங்களா?” என்றுதான் கத்துவார். அவரிடம் இரண்டாவது முறை லீவு கேட்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. ரம்யா தொடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டதாம்.

அக்கா அவளைப் பிசியோ அறைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்கினார். ஒரு சாண் தூக்குவதற்குள் ரம்யா “ஆ!” என்றாள். மறுபடியும் தூக்கினார். மறுபடியும் “ஆ!” நடிப்பு அபாரம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா கவலையாகத் தலையாட்டினார்.

“செரி கண்ணு. முதுகுல ஏதாச்சும் இருக்குதான்னும் பாத்துப்போடலாம். கால நீட்டினபடியே எந்திரிச்சு உக்காரு.”

ரம்யா சட்டென்று எழுந்து, இரண்டு காலையும் கட்டில்மேல் நேராக நீட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, முதுகைக் காட்டினாள். அக்காவின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. படுத்திருந்தபோது ஒரு சாண் தூக்க முடியாத கால், இப்போது உடம்போடு செங்கோணத்தில் நீண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் அதே தசைதான் இழுபட வேண்டும்.

“எந்த ஊருல கண்ணு கல்யாணம்?” என்றார் அக்கா.

ரம்யா உட்கார்ந்தபடியே உண்மையாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு கோச்சிடம் போனார்.

“சார், இவளுக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் வேணுமுங்க.”

“என்ன காயமுங்க?”

“காயமெல்லாம் இல்லீங்க சார். கல்யாணமுங்க.”

மற்றவர்களின் பொய்யை அவ்வளவு ருசித்துப் பிடிக்கும் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாது. கோச் ரம்யாவை ஒருமுறை பார்த்துவிட்டு, “போயிட்டு வரச்சொல்லுங்க” என்றார். ரம்யா திரும்பி வந்தபோது அக்காவுக்கென்று தனியாக ஒரு டப்பா நிறையக் கல்யாண வீட்டு ஒப்பிட்டுப் போளி கொண்டுவந்தாள்.

இப்போது கௌசல்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கௌசி எங்கள் அணியின் உயிர். எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போவதில் அவளை மிஞ்ச அப்போது இந்தப் பக்கம் ஆளில்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்; அவள் அப்பாவுக்கு நெல், மஞ்சள் விவசாயம். மைதானத்தில் புயல், வெளியே வந்தால் பேச்சே இருக்காது.

அந்த வருடம் ஆட்டங்கள் தொடங்கும் முன்பு அக்கா எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மாதங்களின் பெயரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர் என்று. தலையில் அடிபட்டவர்களிடம் இதைத்தான் கேட்பார்களாம். அடிபடாதபோது ஒருத்தி எப்படிச் சொல்கிறாள் என்பது தெரிந்தால்தானே, அடிபட்டபின் சொல்வதில் கோளாறு இருக்கிறதா என்று தெரியும்! இது எங்கள் காதில் விழுந்ததோ இல்லையோ, அடுத்த நாளே விடுதிக் குளியலறையில் ஆளாளுக்கு டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று பாடமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டோம். மண்டை உடைந்தாலும் பதில் சொல்லிவிட்டு ஆட வேண்டுமே!

அக்கா மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார். கோபம் வரவில்லை. குதூகலம்தான் வந்தது. திடீரென்று ஒரு காலையில் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

“இங்கிலீஷ் மாசம் எல்லாம் வேண்டாம். தமிழ் மாசம். பங்குனியில இருந்து பின்னாடி சொல்லு.”

அணியே நொண்டியது. முன்னாலிருந்து சொல்லவே எங்களில் பாதிப் பேருக்கு வரவில்லை. ரம்யா ஆடியை இரண்டு தடவை சொன்னாள். தள்ளுபடி இரண்டு தடவை போட்டால் நல்லதுதானே என்று சமாளித்தாள். நான் தைக்கு அப்புறம் பொங்கல் என்றேன். வேடிக்கை பார்க்க வந்த கோச்சையும் அக்கா விடவில்லை. அவர் கார்த்திகைவரை வந்துவிட்டு, “ஒரு போன் வருதுங்க” என்று, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கௌசி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில், பங்குனி முதல் சித்திரைவரை தண்ணீர் ஊற்றுகிறமாதிரி சொல்லி முடித்தாள். “எங்க தோட்டத்து வேலையெல்லாம் இந்த மாசக் கணக்குலதானுங்க்கா,” என்றாள். அக்கா நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டார்.

அடுத்து நடந்தது கோபியில். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதியாட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, மேட் விரித்து, ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. கௌசியின் ஊர்க்காரர்கள் மட்டும் இரண்டு வேன். மைக் பிடித்து வர்ணனை செய்தவர் நிமிடத்துக்கு ஒருமுறை, “கோபி பெத்தெடுத்த சிங்கமுங்க!” என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் பாக்கி. இரண்டு அணியும் சமம்.

கௌசி பாடிப் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். திரும்பும்போது இரண்டு பேர் அவள் இடுப்பைப் பிடித்துச் சாய்க்க, விழுந்த வேகத்தில் ஒருத்தியின் முட்டி அவள் நெற்றிப் பொட்டில் பட்டது. ஆனாலும் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். இரண்டு புள்ளி! பந்தல் அதிர்ந்தது. கௌசி எழுந்தாள், சிரித்தாள், டவுசரைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அப்படியே எதிரணியின் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

அவர்களைக் கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்து நாங்கள் விசிலடித்தோம். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடுவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

நாங்கள் கூடி நின்றோம். அக்கா கௌசியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எந்த ஊருல இருக்கறோம் கண்ணு?”

“கோபி.”

“கடைசியா ஆரு பாயிண்ட் எடுத்தா?”

“நான்.”

“யாரோட ஆடறோம்?”

கௌசி யோசித்தாள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, எதிரணியின் பெயர் எழுதிய பலகையைக் கண்ணால் காட்டினேன். கௌசி அதை வாசித்துச் சொன்னாள். கோச் பொறுமையிழந்து, “நல்லாத்தானுங்க பேசறா! உடுங்க!” என்றார். அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

“பங்குனியில இருந்து பின்னாடி சொல்லு.”

வர்ணனைக்காரருக்கு இது என்னவென்று புரியவில்லை. ஆனால் ஏதோ விசேஷம் என்று பட்டிருக்க வேண்டும். மைக்கைக் கொண்டுவந்து கௌசியின் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் கப்பென்று அமைதியானார்கள். “பங்குனி,” என்று ஒலிபெருக்கியில் கௌசியின் குரல் வந்தது. “மாசி. தை. மார்கழி. கார்த்திகை. ஐப்பசி…”

நின்றாள். கோப்பை கண்ணுக்கு எதிரில் மேசைமேல் இருக்கிறது. நான் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “புரட்டாசி” என்று கிசுகிசுத்தேன்.

“புரட்டாசி,” என்று நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் என் குரலில் கிசுகிசுத்தன.

பந்தல் வெடித்துச் சிரித்தது. “பிட்டு அடிக்கறாங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. கௌசி என்னைப் பார்த்தாள், எதுவுமே கேட்காதவள் மாதிரி தொடர்ந்தாள். “ஆவணி. ஆடி. ஆனி. வைகாசி. சித்திரை.”

ஒரே கைதட்டல். “புரட்டாசிய உட்டுப்போட்டியே சாமி!” என்று முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா கத்த, அதற்கும் சிரிப்பு. பெரியவர்கள் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனி முன்னாலா ஆடி முன்னாலா என்று ஓர் ஓரத்தில் சண்டையே ஆரம்பித்துவிட்டது. நடுவர்கூடச் சிரித்துக்கொண்டே விசிலை வாயில் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணுதானுங்க உட்டா! எனக்கு அவ்வளவுகூடத் தெரியாதுங்க!” என்றார் கோச்.

அக்கா சிரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. எப்போதும் வரும் அந்தத் துள்ளல் வரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“நீங்க பன்னண்டையும் உட்டாலும் பரவால்லீங்க சார்,” என்றார். “இவ ஒண்ணு உடக்கூடாதுங்க.”

“ஆறு நிமிசமுங்க மேடம்! ஆறே ஆறு நிமிசம்!”

“மூளை குலுங்கியிருக்குதுங்க. இன்னொரு அடி விழுந்தா என்னாகுமுன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமாங்க?”

கௌசி அதற்குள் கையை உதறிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பப் பார்த்தாள். அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு காலின் ஷூவைச் சடாரென்று கழற்றி, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, அந்தப் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோச் எதிரே நின்று கத்தினார். கௌசியின் ஊர்க்காரர்கள் கத்தினார்கள். வர்ணனைக்காரர் மைக்கிலேயே கெஞ்சினார். ஒல்லியான அந்த மனுஷி கையைக் கட்டிக்கொண்டு பையின்மேல் அசையாமல் இருந்தார். கன்னத்தில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

ஒரு புள்ளியில் தோற்றோம். நடுவில் நான் அவுட் ஆகி வெளியே வந்து கௌசியின் பக்கத்தில் நின்ற இரண்டு நிமிடத்தில், “ஸ்கோர் என்னடி?” என்று அவள் ஐந்து முறை கேட்டாள். முதல் முறை எரிச்சலோடு சொன்னேன். ஐந்தாவது முறை அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

பரிசளிப்பு முடிந்து வேனில் ஏறியதும் கோச் முன்சீட்டிலிருந்தே ஆரம்பித்தார். “உங்க மாசக் கணக்குல கப்பு போச்சுங்க மேடம்.” அக்கா கௌசியின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கோபியைத் தாண்டவில்லை. கௌசி முன்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். “வண்டியத் திருப்புங்க,” என்றார் அக்கா. ஈரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கோச் டிரைவரை அவசரப்படுத்தினார். ரம்யா கௌசியின் காலைப் பிடித்துக்கொண்டு சாமிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக் கசிவு தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார்கள். இதோடு ஆடியிருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்து, கௌசியின் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வருடம் முழுவதும் கௌசி ஆடவில்லை. அடுத்த வருடம் ஆடினாள், ஜெயித்தாள், அப்புறம் ஆட்டத்தாலேயே வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் போனில் பேசினால் அவளுக்கு அந்த இறுதியாட்டத்தில் கடைசியாக ஞாபகமிருப்பது மதியம் சாப்பிட்ட தயிர்சாதம்தான்.

நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கௌசி கண்விழித்து இட்லி கேட்டாள் என்ற செய்தி சற்றுமுன்தான் வந்திருந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது.

“அக்கா, புரட்டாசி சொல்லிக்கொடுத்தது நானுங்க்கா. பலகையக் காட்டினதும் நான்தானுங்க.”

“பலகை சங்கதி எனக்குத் தெரியாது,” என்றார் அக்கா. “புரட்டாசிய கோபி பூராவும் கேட்டுச்சு கண்ணு.”

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது கோச் வந்து எதிரில் நின்றார். கசங்கிய சட்டை. அவரும் தூங்கியிருக்கவில்லை. நாங்கள் சட்டென்று நிறுத்தினோம்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வராந்தாவின் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

“மேடம்… என்ற வலது தோளு…”

அக்கா நிமிர்ந்தார்.

“கையத் தூக்கினா நோவுதுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க. சித்த பாக்கறீங்களா?”

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் போலிருக்கிறது. அக்கா முகத்தில் விளக்குப் போட்டதுமாதிரி ஆனது.

“எனக்குத் தெரியுமுங்க சார்! ரெண்டு வருசமுங்க! ரெண்டு வருசமா நீங்க எடது கையாலதான் விசில எடுக்கறீங்க! நானாக் கேட்டா இல்லீம்பீங்கன்னு கேக்காம இருந்தனுங்க. எனக்கு எத்தன நாள் தூக்கமே வல்லீங்க தெரியுமா? உக்காருங்க, உக்காருங்க!”

கோச் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா அவர் பின்னால் போய், தோள்பட்டையின் விளிம்பில் விரலை வைத்தார். “இங்கீங்களா?” இல்லை. “இங்க?” இல்லை. “இங்க?”

“அய்யோ அம்மா!”

அந்த அலறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ப்ளாஸ்க்கில் காப்பியோடு வந்த கௌசியின் அப்பா பயந்துபோய் நின்றுவிட்டார். உள்ளிருந்து ஒரு நர்ஸ் படாரென்று கதவைத் திறந்துகொண்டு வந்து எங்கள் நான்கு பேரையும் முறைத்தார்.

“ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்க. நோவுதுன்னு கத்தறதுக்கெல்லாம் வேற எடம் பாருங்க.”

“வாரோமுங்க, இதா போறோமுங்க,” என்று அக்கா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கோச் அதற்குள் சட்டைப் பொத்தானை இடது கையால் கழற்றிக்கொண்டே, எங்களுக்கு முன்னால் படியிறங்க ஆரம்பித்திருந்தார்.